முந்தியில் ஒரு மிளகாய்ப்பொடிக் கறை

என் பீரோவின் மேல்தட்டில் ஓர் அரக்கு நிறப் பட்டுப்புடவை இருக்கிறது. எங்கள் அப்பா கடையின் சொந்தச் சரக்கு. அந்த வருஷம் தறியிலிருந்து இறங்கியதிலேயே இதுதான் நல்லது என்று அவரே எனக்காக எடுத்து வைத்தது. அகலமான மாம்பழ நிறக் கரை, முந்தி முழுக்க ஜரிகை. அந்த முந்தியின் ஓரத்தில், விரித்த உடனே கண்ணில் படுகிற மாதிரி, உள்ளங்கை அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடிக் கறை. பார்க்கிறவர்கள் ஐயோ என்று வாயில் கை வைப்பார்கள். பட்டு விற்கிற வீட்டுப் பெண்ணுக்குக் கறை எடுக்கத் தெரியாதா என்று சிலர் கேட்டும் விடுவார்கள். ஆரணியில் எந்தத் தெருவில் போய்ச் சொன்னாலும் அதற்கு ஒரு கைவைத்தியம் கிடைக்கும். எனக்கு வேண்டாம். அந்தக் கறை இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், உண்மை அதுதான்.

கறைக்குச் சொந்தக்காரர் என் அத்தை, அதாவது மாமியார். அத்தைக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எங்கள் சமணக் குடும்பங்களில் பெரியவர்கள் பலரும் கடைப்பிடிப்பதுதான். ஆனால் மற்றவர்கள் காலண்டரைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்வார்கள். அத்தைக்குக் காலண்டர் ஆகாது, வெயிலைக் கண்ணால் பார்க்க வேண்டும். வெயில் போய்விட்டதா, மறுநாள் காலைதான். இரண்டாவது, பட்டைத் தொட மாட்டார். நூலுக்காகப் புழுவைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்ட நாளிலிருந்து தொட்டதில்லை. தன் கல்யாணத்துக்கே நூல் புடவைதான் கட்டிக்கொண்டாராம். எங்கள் ஆட்களில் இவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு. எல்லோரும் போனால் ஆரணியில் எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் பட்டுக்கடை வைத்துப் பிழைக்க முடியுமா?

அப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்க வருகிறோம் என்று வந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக் கேசரியை ஒரு பிடி பிடித்துவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள்தான். போன் மட்டும் வந்தபாடில்லை. கடைசியாக வந்த கூட்டத்தில் ஒருவர் இரண்டாம் தடவை கேசரி கேட்டார். அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இனி இந்தக் கூடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெள்ளாரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையனுக்கு ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் வங்கி வேலை. அப்பா கிடையாது. அம்மா ஊரில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். நான் போட்ட நிபந்தனை எப்படியோ அந்த அம்மாவின் காதுக்குப் போயிருக்கிறது. கோபித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தோம். அவரோ நேராக எங்கள் அம்மாவுக்கே போன் செய்து, பெண் சொல்வது நியாயம்தானே, வீட்டுக்குள் வேண்டாம், எல்லோருமாகச் செஞ்சிக் கோட்டைக்குப் போய்விட்டு வருவோம் என்றார். அவருக்கு அதில் சொந்த ஆசையும் இருந்தது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த மலையையும் மேலே இருக்கும் மதிலையும் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார், ஒரு நாள்கூட இறங்கி ஏறியதில்லை. “பொண்ணு அமையலன்னாலும் கோட்டையாவது பாத்த மாதிரி இருக்கும்” என்று போனிலேயே சிரித்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துப்போனது.

பையனையும் பிடித்துப்போனது என்பதை இப்போது சொன்னால் என்ன. எந்த வேனில் வருகிறீர்கள் என்று கேட்க எனக்கு ஒரு தடவை போன் செய்தார். “நீங்க மலை ஏறுவீங்களா? அம்மா உச்சி வரைக்கும் போவணும்ன்றாங்க. எனக்குத்தான் உயரம்னா கொஞ்சம் பயம்” என்றார். பெண் பார்க்க வருகிற எந்த ஆம்பளையும் பயம் என்ற வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. எல்லோரும் சம்பளத்தைத்தான் சொன்னார்கள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன். இது அமைய வேண்டும் என்று மனசார விரும்பினேன்.

பிரச்சினை எங்கள் அப்பா. அந்த அம்மா பட்டைத் தொடுவதில்லை என்று தரகர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நாம் என்ன புழுவையா அவிக்கிறோம், நூலாகத்தானே வாங்குகிறோம் என்று யாரும் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நம் வீட்டில் உலை வைப்பதே பட்டை நம்பி, அதைப் பாவம் என்று ஒதுக்குகிற வீட்டில் என் பெண் எப்படித் தலை நிமிர்ந்து வாழ்வாள் என்று அம்மாவிடம் எகிறினார். போகவே வேண்டாம் என்று சொல்லியிருப்பார், கேசரிக்கூட்டம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். கிளம்புகிற அன்று காலையில் அந்த அரக்குப் புடவையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “இத்தக் கட்டிகினு வா. நாம இன்னா வியாபாரம் பண்றோம்னு அவங்க பாக்கட்டும்” என்றார். மலை ஏறப் போகிறவளுக்கு ஜரிகைப் புடவை! சண்டை போட்டால் பயணமே நின்றுவிடும் என்று பயந்து கட்டிக்கொண்டேன்.

சேத்துப்பட்டுக்கு முன்னாலேயே வேனில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு கடை தேடிப் போனவர் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பேஜாராப் போச்சு, பேஜாராப் போச்சு என்று அப்பா ரோட்டோரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நாங்கள் செஞ்சி போய்ச் சேர்ந்தபோது கோட்டை வாசலுக்கு வெளியே மரத்தடியில் அத்தையும் அவர் பிள்ளையும் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பெரிய டிபன் கேரியர் திறக்காமல் இருந்தது. எல்லோருக்கும் அத்தையே சமைத்துக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் வராமல் சாப்பிடக் கூடாது என்று காலையில் சாப்பிட்டதோடு காத்திருக்கிறார். அதற்குள் கேட்டில் இருந்த காவலாளி, மேலே ஏறுகிற வழியைச் சீக்கிரம் மூடிவிடுவோம், போவதாக இருந்தால் இப்போதே போங்கள் என்றார். சாப்பிட உட்கார்ந்தால் கோட்டை போச்சு. “சோறு எங்க ஓடிடப் போவுது, எறங்கி வந்து சாப்புடலாம்” என்று அத்தை எழுந்துவிட்டார்.

எழுந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து, தோளைத் தொடக் கை நீட்டினார். நீட்டிய கை புடவைக்குப் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்று, அப்படியே மேலே போய் என் கன்னத்தைத் தொட்டது. நான் கவனித்தேன். அப்பாவும் கவனித்தார். அவர் முகம் அங்கேயே சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் உச்சி வரைக்கும் அவர் எங்களை விட்டு முன்னாலேயே நடந்தார். காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது.

மூட்டு வலி என்று அம்மா வேனிலேயே தங்கிவிட்டார். குரங்குத் தொல்லை என்பதால் கேரியரும் அவரோடு வேனில் இருந்தது. மீதி நான்கு பேரும் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியில் ஏறினோம். அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ராஜா எங்கே படுத்தார், ராணி எங்கே குளித்தார் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கீழே இருந்த தானியக் களஞ்சியத்தைப் பார்த்துத்தான் நின்றுவிட்டார். இது கொள்கிற அளவுக்கு நெல் எந்த ஊரிலிருந்து வந்திருக்கும், எலியை எப்படிச் சமாளித்தார்கள் என்று தன் பிள்ளையைக் கேட்டுத் துளைத்தார். நான் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி படியாகத் திண்டாடினேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறைப் பிளவைத் தாண்டுகிற சின்னப் பாலம் வந்தது. பையன் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி தாண்டினார். தாண்டிய பிறகு என்னைப் பார்த்து வெட்கமே இல்லாமல் சிரித்தார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அத்தை மதிலைப் பிடித்துக்கொண்டு, நம் ஊர் எந்தப் பக்கம், நம் கிணறு தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் ஏரிகளும் வயல்களும் பாறைக் குன்றுகளும். சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு பக்கமும் போய் எட்டிப் பார்த்தார். இறங்கலாம் என்று பிள்ளை கூப்பிட்டபோதெல்லாம் இரு, இரு என்றார். இத்தனை வருஷம் கீழேயிருந்து பார்த்த மலைமேல் நின்றுகொண்டிருக்கிறார், அவரை யார் அவசரப்படுத்துவது? காவலாளியின் விசில் கேட்ட பிறகுதான் இறங்க ஆரம்பித்தோம்.

பாதி தாண்டி இறங்கியபோது அத்தையின் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதை ஒரு மதில் வாசலைக் கடந்து திரும்புகிற இடம் அது, மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தவரால் காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார் பிள்ளை. “நான் இன்னா மூட்டையா?” என்று அந்த வலியிலும் அதட்டினார். தை மாசம், பொழுது விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் காலோடு கீழே போய்ச் சேர்வதற்குள் வெயில் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. காலையில் சாப்பிட்ட நாலு இட்லியோடு, மலை ஏறி இறங்கிய உடம்போடு, மறுநாள் விடியும்வரை தண்ணீர்கூட இல்லாமல் இருப்பார். எங்கள் வேன் தாமதமாக வந்ததால் வந்த வினை. அவரோ, ஒரு ராத்திரிதானே, விடுங்கள் என்றார். அப்பா குற்றவாளி மாதிரி நின்றார். பிள்ளையின் தோளில்தான் அத்தை சாய்ந்திருந்தார், அவரால் நகர முடியாது. நான் போகிறேன் என்று சொன்னேன், சொன்னேனோ இல்லையோ ஓடிவிட்டேன்.

அடிவாரம் வந்ததும் சுற்றிப் பார்த்தேன். கீழே எங்கும் வெயிலே இல்லை. புல்வெளி, களஞ்சியம், வேன் நின்ற இடம் எல்லாம் நிழலில் கிடந்தன. முடிந்தது என்று நினைத்துத் திரும்பி மேலே பார்த்தேன். மலையின் நிழல்தான் கீழே விழுந்திருந்தது. மேலே அந்த மதில் வாசல் இன்னும் வெயிலில் பளிச்சென்று இருந்தது. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, அத்தையின் நூல் புடவை. அத்தையை இறக்கக் கூடாது, சோற்றைத்தான் ஏற்ற வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடமிருந்து கேரியரைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினால் காவலாளி வழியை மறித்தார். நேரமாகிவிட்டது, மேலே போகக் கூடாது என்றார். விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னேன். மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். “பெரியம்மா இன்னும் சாப்புடலியா? ஜல்தி போம்மா. ஆனா கேரியரோட போவாத, கொரங்கு உன்னைப் பாதி வழி தாண்ட வுடாது” என்றார்.

யோசிக்க நேரம் எங்கே? கேரியரைத் திறந்து, பொடி தடவிய இட்லிகளை இலையோடு அள்ளி, முந்தியில் வைத்துச் சுற்றி, வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டிச் சொருகிக்கொண்டு ஏறினேன். அப்பா தண்ணீரையாவது எடுத்து வருவோம் என்று எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருக்கிறார். அத்தை வீட்டிலிருந்து துணியில் வடிகட்டிக் கொண்டுவந்த தண்ணீர்த் தூக்கை அவர் தூக்கிக்கொண்டார். ஏற ஏறச் சூரியன் மறுபடி மேலே வந்தது போல இருந்தது. முதலில் பாறையின் நுனியில் வெயில், அப்புறம் படியில் வெயில், அப்புறம் என் முகத்திலேயே வெயில். ஓட்டத்தில் புடவை காலைத் தடுக்கி ஓரிடத்தில் முட்டி தேய விழுந்தேன். வயிற்றை மட்டும் கையால் பொத்திக்கொண்டேன்.

அத்தையின் முன்னால் போய் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தேன். இலை கிழிந்து போயிருந்தது. இட்லிகள் நேராகப் பட்டின்மேல் கிடந்தன. ஜரிகையில் எண்ணெய் ஊறியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பட்டைத் தொடாத அம்மாவுக்குப் பட்டில் சோற்றைக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன்! அடக் கடவுளே, இதைவிடக் குரங்குக்கே கொடுத்திருக்கலாம் என்று இருந்தது. அத்தை என் முந்தியைப் பார்த்தார், மேற்கே திரும்பிப் பார்த்தார். சூரியன் தூரத்துக் குன்றின் விளிம்பைத் தொட்டுவிட்டது. பின்னால் அப்பாவின் மூச்சு இரைப்பது கேட்டது. அவரும் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பூச்சி போனது எப்பவோ. அதுக்கு நான் காலைல மன்னிப்பு கேட்டுக்கறேன்” என்றார் அத்தை. “நீ உழுந்து அடிபட்டு எடுத்துகினு வந்தது இப்ப. இத வாணாம்னு நான் திருப்பி அனுப்பினா அது எந்தக் கணக்குல சேரும்?” சொல்லிவிட்டு என் முந்தியிலிருந்தே இட்லியை எடுத்துச் சாப்பிட்டார். விரல் பட்டின்மேல் பட்டது, எடுக்கவில்லை. ஒரு இட்லியைப் பிட்டு என் வாயிலும் வைத்தார். நான் அழுதுவிட்டேன், பசியாலும் இருக்கலாம். தண்ணீரைக் குடித்து முடிக்கவும் வெயில் மதிலை விட்டு ஏறிப் போகவும் சரியாக இருந்தது.

அப்புறம்தான் அவர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். முந்தியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தடவினார். “நல்ல கெட்டி நெசவுங்க. இவ்ளோ எண்ணெ ஊத்தியும் கீழ எறங்கல பாருங்க” என்றார்.

பட்டு வியாபாரிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த வீராப்பெல்லாம் அந்தப் படியிலேயே இறங்கிப் போனது. தண்ணீர்த் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, பாவு எங்கே ஓட்டியது, நெய்தது யார், இழை எத்தனை நெருக்கம் என்று அந்த அம்மாவிடம் விளக்க ஆரம்பித்தார். பட்டைத் தொடாதவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் கேட்டார். இருட்டும் நேரத்தில் காவலாளியே மேலே வந்து, பிள்ளை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகத் தாங்கி அத்தையை இறக்கினார்கள். அடிவாரத்துக்கு வருவதற்குள் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருக்கிறதா என்று கேட்க எல்லோருமே மறந்துவிட்டார்கள். பையன்தான் வேன் ஏறும்போது என்னிடம் வந்து, முட்டி வலிக்கிறதா என்று கேட்டார்.

கல்யாணத்துக்குப் பட்டா நூலா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, விரதம் எடுத்தது நான்தானே, அவள் ஏன் கட்டக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அப்பா கடைசிவரை கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கெட்டி நெசவுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு உண்மையை மட்டும் நான் அவரிடம் சொல்லவே இல்லை. எண்ணெய் பாவாடை வரைக்கும் இறங்கியிருந்தது.

இப்போது அத்தை எங்களோடு ஆரணியில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒருவர் பவர்லூம் போட்டு மாடிமேல் மாடி கட்டிவிட்டார். சமையலறையில் வெயில் சீக்கிரமே போய்விடுகிறது. அதனால் அத்தையின் ராத்திரிச் சாப்பாடு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. மூட்டு வலியோடு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து முன்னாலேயே ஏறிப் போய், நாற்காலியை மேற்கே பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தட்டோடு படி ஏற அவரால் முடியாது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நூல் புடவைக்கு மாறிக்கொண்டு, தட்டை எடுத்துப் போவேன். மாறச் சொல்லி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாக வைத்துக்கொண்ட வழக்கம். மற்றபடி நான் ஒன்றும் விரதக்காரி அல்ல, ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா கிடைத்தாலும் விடமாட்டேன்.

போன வாரம் போளூரில் ஒரு கல்யாணம். கறை தெரியாமல் மடிப்பு வைத்து அந்த அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன், என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். பஸ் தாமதம். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தலையில் மட்டும் வெயில் இருந்தது. மாற்றிக்கொள்ள நேரமில்லை. இட்லியில் பொடியைத் தடவி, தட்டையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினேன். அத்தை திரும்பிப் பார்த்தார்.

“பட்டா?” என்றார்.

“பட்டுதான் அத்தை. மாத்த நேரமில்ல.”

“குடு” என்று கையை நீட்டினார்.

சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார். கை கழுவத் தண்ணீர் இல்லை. எண்ணெய்க் கையை வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். நான் முந்தியை எடுத்து நீட்டினேன். கொஞ்சம் தயங்கினார். அப்புறம் முந்தியை இழுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடி, பழைய கறையைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்திலேயே விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

“கெட்டிச் சரக்கு. கீழ எறங்காது” என்றார்.

இந்தத் தடவையும் இறங்கியது. நான் சொல்லவில்லை.